விளிம்பு கட்டாத காஜா

தேவதைகளைப் பற்றி உங்களுக்கு யார் என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ தெரியாது. வெள்ளை உடை, கையில் மந்திரக்கோல், கேட்டதெல்லாம் கொடுக்கும் மனசு என்று அளந்திருப்பார்கள். அளந்தவர்களில் ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வாய் கூசியிருக்கும். சிறகு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்துப்பூச்சியின் சிறகு. தொட்டால் கையில் சாம்பல் நிறப் பொடி ஒட்டும். முகமும் அழகுதான். முகம் அழகாக இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நம்பும் வயதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

அவர்கள் காட்டிலும் இல்லை, மேகத்திலும் இல்லை. நாம் போடும் துணிக்குள் இருக்கிறார்கள். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறதே, அங்கே. தையல் வேலை செய்பவர்கள் ஒரு காலத்தில் அவர்களை உள்பக்கத்தார் என்று சொல்லிவந்தார்கள். இப்போது அந்தப் பேர் யாருக்கும் நினைவில்லை. அவர்களுக்குப் பயந்து உண்டாக்கிய ஒரே ஒரு பழக்கம்தான் மிச்சம் இருக்கிறது.

பொத்தான் நுழைவதற்குச் சட்டையில் ஒரு துளை இருக்கும் அல்லவா, அதற்குத் தையல்காரர்கள் வைத்திருக்கும் பேர் காஜா. துணியைக் கீறி, கீறிய விளிம்பு பிரியாதபடி சுற்றிலும் நூலால் நெருக்கிக் கட்ட வேண்டும். ஒரு காஜாவைக் கீறினால் அதைக் கட்டி முடித்த பிறகுதான் அடுத்ததைக் கீறலாம். கீறியதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகவே கூடாது. ஏன் என்று கேட்டால் நூல் பிரிந்துவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. விளிம்பு கட்டாத துளை அவர்களுக்கு வாசல் என்பது மீதிப் பாதி. இதைச் சொல்லித் தராமல் விட்டவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

தையல் கடைக்கு மேலே, மாடியில் ஒரே ஒரு அறையில் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பா சுவரில் புகைப்படமாக இருந்தார். அம்மாவுக்கு வேலை காஜா கட்டுவது. தடித்த கம்பளிக் கோட்டுகளுக்கு மெஷின் காஜா சரியாக வராது, கைக்காஜாதான் வேண்டும். அம்மா கட்டிய காஜா பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை. கோட்டு நைந்து போகும், பொத்தான் தெறித்து ஓடும், காஜா மட்டும் கல்லு மாதிரி இருக்கும். வாயைத் திறந்து தன்னைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளாத அம்மா, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள்.

கீழே கடைக்காரரைப் பிள்ளைகள் கத்திரி மாமா என்று கூப்பிட்டார்கள். கை, வாய் இரண்டாலும் வெட்டுவார். மூத்தவள் பத்து வயதுப் பெண். ஒல்லியாக இருந்ததால் குச்சி. சின்னவனுக்கு நாலு வயது. அவன் ஏன் உருண்டை என்று யாரும் கேட்டதில்லை, பார்த்தாலே தெரியும்.

அம்மா வேலையில் உட்கார்ந்துவிட்டால் பல்லுக்கு நடுவே நூல் இருக்கும், பேச முடியாது. கூப்பிட்டாலும் காதில் விழாது. அதனால் குச்சி ஒரு வழி வைத்திருந்தாள். துணிக்கு அடியில் தாங்கிப் பிடித்திருக்கும் இடதுகை விரல் நுனியை மெல்லக் கிள்ளுவாள். அம்மா தலை நிமிராமலே, "என்னடி?" என்பாள். பசிக்கிறது, தம்பி அழுகிறான், மழை வருகிறது என்று எல்லாச் செய்தியும் அந்த விரல் நுனி வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஊசி குத்துவதும் அதே விரலில்தான். நாளெல்லாம் குத்திக் குத்தி நுனி சொரசொரவென்று ஆகியிருந்தது.

குளிர் தொடங்கிய சமயத்தில் கத்திரி மாமாவுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு கம்பெனியின் காவலாளிகளுக்குக் கோட்டு. எல்லாம் ஒரே கருநீலம், ஒரே துணி. கோட்டுக்கு ஐந்து காஜா. அம்மா பல நாளாகச் சரியாகப் படுக்கவில்லை. கண் சிவந்து, பேச்சு குறைந்து, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். கடைசிக் கோட்டை அன்று சாயங்காலம் வண்டியில் ஏற்ற வேண்டும். மத்தியானம் பார்த்து நூல் தீர்ந்துபோனது. தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அம்மா கீழே இறங்கினாள். கத்திரி மாமாவிடம் போனால் நூலோடு நாலு பேச்சும் வாங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும்.

குச்சி நல்ல பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று. கொஞ்சம் பொறுப்பில்லாதவளாக இருந்திருந்தால் ஜன்னலில் தொங்கி வேடிக்கை பார்த்திருப்பாள், ஒரு கெடுதலும் வந்திருக்காது. அவள் கடைசிக் கோட்டைப் பார்த்தாள். ஐந்து காஜாவையும் தானே கீறி வைத்துவிட்டால் அம்மா வந்து கட்டினால் போதும், சீக்கிரம் முடியும், விளக்கு வைப்பதற்குள் கொஞ்சம் படுக்கலாம் என்று நினைத்தாள். கோட்டைப் பலகைமேல் விரித்தாள். அம்மா சாக்குக்கட்டியால் போட்டிருந்த ஒவ்வொரு குறியிலும் சின்ன உளியை வைத்து ஒரு தட்டு. ஐந்தும் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தன. அம்மாவே இவ்வளவு சுத்தமாகக் கீறமாட்டாள். குச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. வந்ததும் சூடாகக் கொடுக்கலாம் என்று டீ போட அடுப்பு மூலைக்குப் போனாள்.

திரும்பிப் பார்த்தபோது உருண்டை இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. கதவு சாத்தியபடியே இருந்தது, அவனுக்கு அதைத் திறக்கத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அலமாரியில் பார்த்தாள். அப்போது அவன் சிரிப்பது கேட்டது. கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. அது கோட்டுக்குள்ளிருந்து வந்தது. வர வர மெலிந்துகொண்டே போனது.

குச்சி கோட்டை உதறினாள். பையைத் துழாவினாள். பிறகு கீழே இருந்த காஜாவில் கண்ணை வைத்தாள். உள்ளே இருந்து யாரோ அவளைப் பார்த்தார்கள்.

அலறிக்கொண்டு கீழே ஓடியிருக்கலாம். ஆனால் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவள் விரலை உள்ளே விட்டாள். ஜில்லென்று ஏதோ பற்றியது. விரல் போனது, விரலோடு கை போனது, பிறகு அவள் முழுதாகப் போனாள்.

உள்ளே கருநீல இருட்டு. மேலேயும் கீழேயும் கம்பளி, காட்டுப் புல் மாதிரி மயிர் நீட்டிக்கொண்டு நின்றது. கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்த குச்சிக்கு ஒவ்வொரு தையல் நூலும் கயிறாகத் தெரிந்தது. தூரத்தில் தோள்பட்டைப் பஞ்சு குன்றாக எழுந்து நின்றது. ஒரு பக்கம் மட்டும் வரிசையாக ஐந்து கீறல், ஐந்து வெளிச்சம். அப்படி ஒரு குளிரை அவள் அதுவரை அனுபவித்ததில்லை. புதுத் துணியின் குளிர் அது, மனித உடம்பு ஒருமுறைகூடப் படாத துணியின் குளிர்.

நெஞ்சுப் பக்கத்தில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பல் நிறச் சிறகுகளை மடக்கிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, குளிர்காய்வது போல. நடுவில் நெருப்பு இல்லை, உருண்டை இருந்தான். சப்பணம் போட்டு, கன்னத்தில் நிறமே இல்லாமல், யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

குச்சி கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி எழுந்து வந்தாள். எல்லாரையும்விட அழகாக இருந்தாள். குரலில் தேன் ஒழுகியது. "வா கண்ணு. பயப்படாத. அவனுக்கு வலிக்கவே வலிக்காது."

"என்ன பண்றீங்க அவனை?"

"ஒண்ணும் பண்ணல. பக்கத்துல உக்காந்திருக்கோம், அவ்வளவுதான். புதுக் கோட்டு பாரு, இன்னும் யாரும் போடல. குளிர் தாங்க முடியல எங்களால. அவன் உடம்புல எவ்வளவு சூடு இருக்கு தெரியுமா!"

சூடு தீர்ந்தால் என்ன ஆகும் என்று குச்சி கேட்டாள். முதலில் பேச்சு மறக்கும், அப்புறம் முகம் எல்லாம் மறக்கும், அதற்கப்புறம் அழத் தோன்றாது என்று அவள் சொன்னாள். ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சொன்னாள். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அடுப்புக்கு விறகு போடும்போது நாம் விறகைக் கேட்டுவிட்டா போடுகிறோம்? எனக்கு அவர்களிடம் பிடிக்காததே இதுதான்.

குச்சி பேரம் பேசிப் பார்த்தாள். "நான் அவனைவிடப் பெரியவ. எனக்கு இன்னும் சூடு ஜாஸ்தி. அவனை விட்டுடுங்க, நான் உக்காந்துக்கறேன்."

அந்த அழகி புன்னகைத்தாள். "நீதான் வந்துட்டியே கண்ணு. ரெண்டு பேரும் இருங்களேன்."

 குச்சி தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். உருண்டையை இழுத்துக்கொண்டு ஓடுவது சும்மா இல்லை, அதுவும் அவன் நடப்பதையே மறந்துகொண்டிருந்தான். மேல் வெளிச்சத்தை நோக்கி ஓடினாள். அருகே போவதற்குள் தூண் கனத்தில் ஒரு ஊசி துணியைக் குத்திக்கொண்டு உள்ளே வந்தது, திரும்பி வெளியே போனது. மறுபடி வந்தது. கீறலைச் சுற்றி நூல் ஏறிக்கொண்டே வந்தது.

அம்மா வந்துவிட்டாள்.

அம்மா வந்துவிட்டாள் என்று தெரிந்து ஒரு பிள்ளை பயந்தது அன்றைக்குத்தான் இருக்கும். நூல் கட்டி முடித்த துளையில் வெளிச்சம் அப்படியே இருந்தது. குச்சி கையை நீட்டினாள். கை சுவரில் மோதியது. துளை இருந்தது, வழி இல்லை. அம்மா என்று தொண்டை கிழியக் கத்தினாள். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு வேலை செய்யும் அம்மாவுக்கு எது காதில் விழுந்திருக்கிறது, இது விழ?

வெளியே நடந்தது இதுதான். அம்மா நூலோடு மேலே வந்தாள். பிள்ளைகளைக் காணோம், மொட்டை மாடிக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். கோட்டைப் பார்த்ததும் கோபம் உச்சிக்கு ஏறியது. ஐந்து காஜாவும் கீறிக் கிடந்தன. உளியில் கை வைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வரட்டும், முதுகுத்தோலை உரிக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, விளிம்பு பிரிவதற்குள் கட்ட ஆரம்பித்தாள். கோபத்தில் அவள் கை இன்னும் வேகமாக ஓடும்.

இரண்டாவது காஜாவும் மூடியது. மூன்றாவதற்குக் குச்சி கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஊசி முந்திக்கொண்டது. நாலாவதை விட்டுவிட்டு நேரே கடைசிக்கு ஓடினாள். பின்னால் சிறகுகள் படபடத்தன. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. கண்ணு, கண்ணு என்று கொஞ்சிக்கொண்டே துரத்தினார்கள்.

கடைசிக் கீறலை அடைந்தபோது அதன் மேல்முனையில் நூல் ஏறத் தொடங்கியிருந்தது. குச்சி தம்பியைத் தூக்கித் தலையை உள்ளே நுழைத்தாள். தலை போனது, வயிறு மாட்டிக்கொண்டது. தோளைக் கொடுத்து முட்டித் தள்ளினாள். ஊசி அவள் காதோரமாக இறங்கி ஏறியது. இன்னொரு முட்டு. உருண்டை வெளியே போய் விழுந்தான். கோட்டின் மடிப்புக்கு அடியில், அம்மாவின் மடியிலிருந்து வழுக்கி, தரையைத் தொட்டதும் முழு உருவத்தோடு உட்கார்ந்தான்.

குச்சி தன் தலையை நுழைக்கப் போனாள். இரண்டு காலையும் ஜில்லென்ற கைகள் பற்றிக்கொண்டன. ஒரு கையை மட்டும் வெளியே நீட்ட முடிந்தது. துணிக்கு அடியில் தாங்கிப் பிடித்திருந்த அம்மாவின் விரல் நுனி அங்கே இருந்தது. சொரசொரப்பிலேயே தெரிந்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கிள்ளினாள்.

"ஸ்ஸ்," என்றாள் அம்மா. விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டாள். நாளெல்லாம் குத்துகிற ஊசி. அது இன்னொரு தடவை குத்தியது, அவ்வளவுதான். விரலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்த் துணியைத் தாங்கினாள். அதற்குள் குச்சியின் கை உள்ளே இழுபட்டுப் போயிருந்தது. நாலைந்து தையல், ஒரு முடிச்சு. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பிறகுதான் தரையில் உட்கார்ந்திருந்த உருண்டையைப் பார்த்தாள். எப்போதடா வந்தாய் என்று கேட்டாள்.  அம்மாவின் கையிலிருந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுத்தான். தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. பதறிப்போய்ப் போர்வையில் சுற்றினாள். கத்திரி மாமா மேலே ஏறி வந்து, வண்டிக்காரன் கத்துகிறான் என்று சத்தம் போட்டு, உருண்டையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோட்டை வாங்கிக்கொண்டு போனார். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். சொல்ல வேண்டியது மனசில் இருந்தது, வார்த்தை இல்லை.

குச்சியைத் தெருவெல்லாம் தேடினார்கள். போலீஸ் வந்தது, கேட்டது, போனது. கத்திரி மாமா வாயை மூடிக்கொண்டு கடையையும் மூடிவிட்டு, கூடவே அலைந்தார். உருண்டைக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் தண்ணீர் கேட்டான். பிறகு செருப்பைக் கேட்டான். ஒரு நாள் காலையில் அம்மாவின் முகத்தைக் கையால் திருப்பிச் சொன்னான்.

"அக்கா கோட்டுக்குள்ள இருக்காம்மா. அக்கா உன்னைக் கிள்ளிச்சு."

நான்கு வயதுப் பிள்ளை எதையாவது உளறும் என்று நீங்களும் நானும் விட்டிருப்போம். அம்மா தன் இடதுகை விரலைப் பார்த்தாள். ஊசி குத்தினால் ஒரு சொட்டாவது ரத்தம் வரும், கோட்டில் பட்டுவிடக் கூடாதே என்றுதான் எப்போதும் வாயில் வைப்பாள். அன்றைக்கு ரத்தம் வரவில்லை. வாயில் உப்புக் கரிக்கவே இல்லை. அது அவளுக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. அவள் அழுத அழுகையைக் கேட்டுக் கீழே மெஷின் நின்றது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனாள். ஒரே கருநீலத்தில் ஊர் முழுக்கக் காவலாளிகள். உள்ளே பிள்ளை இருந்தால் கோட்டு சூடாகத்தானே இருக்கும்? ஒவ்வொரு வாசலாகப் போய், உங்கள் கோட்டு சூடாக இருக்கிறதா என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். சிலர் கோட்டா இது, கோணி என்றார்கள். ஒரு கிடங்கு வாசலில் நின்ற வயசான காவலாளி மட்டும் அவளை உற்றுப் பார்த்தார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? மத்தவனெல்லாம் குளிருதுன்னு சொல்வான், எனக்கு மட்டும் யாரோ கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கும். சின்னப் புள்ள கட்டிப் பிடிக்குமே, அந்த மாதிரி. இப்பதான் கொஞ்ச நாளா இல்ல. கேட்டுக் கம்பியில மாட்டி அக்குள்கிட்ட கிழிஞ்சுது. அதுலேர்ந்து சூடெல்லாம் போயிடுச்சு."

அம்மா கோட்டை வாங்கி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். தன் காஜாக்களைத் தானே பிரித்தாள். அவை லேசில் பிரியவில்லை. எதைப் பற்றிப் பெருமைப்பட்டாளோ அது அவள் கையோடு மல்லுக்கு நின்றது. பிளேடு வழுக்கி விரலைக் கிழித்தது. ஐந்தையும் திறந்து, ஒவ்வொன்றிலும் வாயை வைத்துக் கூப்பிட்டாள். உள்ளே கம்பளியைத் தவிர ஒன்றும் இல்லை. அக்குளில் அந்தக் கிழிசல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கட்டாத விளிம்பு எல்லாம் அவர்களுக்கு வாசல்தான். ஒரு கிழிசலில் வெளியேறி இன்னொரு கிழிசலில் நுழைந்து, துணிக்குத் துணி மாறிக்கொண்டே இருப்பார்கள். போகும்போது தங்கள் அடுப்பையும், அதாவது குச்சியையும், கொண்டுபோயிருந்தார்கள்.

அம்மா இன்றும் காஜா கட்டுகிறாள். கத்திரி மாமாவிடம் மட்டும் இல்லை, எந்தக் கடையில் கிடைத்தாலும் வாங்கி வந்து கட்டுகிறாள். முன்பிருந்த வேகம் இல்லை. துணியைக் கீறியதும் தைக்க ஆரம்பிப்பதில்லை. உருண்டையை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, இடதுகை விரலை அந்தத் துளைக்குள் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெகு நேரம் உட்கார்ந்திருக்கிறாள். வேலை தாமதமாகிறது என்று புதுக் கடைக்காரர்கள் கடிந்துகொள்கிறார்கள், கத்திரி மாமா மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறகு வேறு வழியில்லாமல் கட்டத் தொடங்குகிறாள். நடுவில் விரலில் சுருக்கென்று படும்போதெல்லாம் கை அப்படியே நிற்கிறது. விரலை வெளிச்சத்தில் பிடித்து, ரத்தம் வராமல் இருக்க வேண்டுமே என்று பார்க்கிறாள்.

இதுவரை குத்தியதெல்லாம் ஊசிதான்.